எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!

நவராத்திரி வந்தாலே நம் வீடுகளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது, பாட்டி காலத்து மரப்பாச்சி கையில் தட்டுப்படும். படி கட்டி, துணி விரித்து, கலசம் வைத்து, கோலம் போட்டு... அப்புறம் என்ன செய்வோம்? வாசலைப் பார்த்துக் காத்திருப்போம். வெற்றிலை-பாக்கு வாங்கிக்கொள்ள யார் யார் வருவார்கள் என்று!

ஆமாம் சகோதரிகளே, கொலு என்பதே நாலு பேர் வருவதற்காகத்தான். வருகிற ஒவ்வொரு பெண்ணையும் அம்பாளாகப் பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சரி, வருகிற அம்பாள் நம்மைப் போலவே இருந்தால் சுலபம். அவள் வேறு மொழி பேசுகிறவளாக, வேறு சமயத்தைச் சேர்ந்தவளாக இருந்தால்? அங்கேதான் நமக்கு ஒரு பரீட்சை வைக்கிறாள் அவள்!

சில வருஷங்களுக்கு முன்பு, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நவராத்திரி சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். பேசி முடித்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு பெண்மணி மட்டும் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

''மாமி, மனசுல ஒண்ணு உறுத்திண்டே இருக்கு. சொல்லலாமா?'' என்றாள்.

''சொல்லேம்மா!''

''எங்க எதிர் ஃப்ளாட்டுல ஒரு சேட்டு வீட்டு அம்மா இருக்கா. குடிவந்த புதுசுல ரொம்பப் பிரியமா இருந்தா. மூணு வருஷத்துக்கு முன்னாடி கொலுவுக்குக் கூப்பிட்டேன். ஏழு மணிக்கு வந்தா. கொலுவைப் பார்த்தா, பாட்டுகூடப் பாடினா. தாம்பூலம் கொடுத்தேன், கடலைப் பருப்பு சுண்டல் கொடுத்தேன். எல்லாரும் அங்கேயே சாப்பிட்டா. அவ மட்டும் தொடவே இல்லை. கையிலேயே வெச்சுண்டு போயிட்டா. கொஞ்ச நேரத்துல நான் கோலம் போட்ட வாசலைப் பார்க்க வெளியில வந்தா, அந்தச் சுண்டலை வாட்ச்மேன் கையில கொடுத்துண்டிருக்கா, மாமி! அம்பாளுக்கு நைவேத்தியம் பண்ணினது. எனக்கு எப்படி இருக்கும்? அன்னிலேர்ந்து சரியா பேசறதில்லை. லிஃப்ட்ல பார்த்தாலும் தலையைக் குனிஞ்சுப்பேன்...''

''நீ அவளிடம் கேட்டாயா, ஏன் சாப்பிடவில்லை என்று?''

''அதை எப்படி மாமி கேக்கறது?'' என்றாள் அவள்.

மூன்று வருஷ மனஸ்தாபம். நடுவில் ஆறடி அகல வராந்தா. அதைத் தாண்டிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியவில்லை!

அவளை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தானே! பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி நாமாகவே ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். நினைத்ததை நிஜம் என்றும் முடிவுகட்டிவிடுகிறோம். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு.

ஆனால், நம் தர்மத்தில் கேள்வி கேட்பது தப்பே இல்லை. 'ப்ரச்ன உபநிஷத்' என்று ஓர் உபநிஷத்துக்குப் பெயரே இருக்கிறது. ப்ரச்னம் என்றால் கேள்வி. ஆறு பேர் பிப்பலாத மகரிஷியிடம் கேள்விகளோடு போகிறார்கள். அவர் உடனே பதில் சொல்லிவிடவில்லை. 'ஒரு வருஷம் இங்கே என்னோடு தங்குங்கள், அப்புறம் கேளுங்கள்' என்கிறார். கூடவே வாழ்ந்து, பழகி, பிறகு கேட்க வேண்டுமாம்! கீதையின் 4-ஆம் அத்தியாயத்தில், ஞானத்தை எப்படி அடைவது என்று பகவான் அர்ஜுனனுக்குச் சொல்லும்போது மூன்று வழிகளைச் சொல்கிறான். பணிவு, கேள்வி, சேவை. கேள்விக்கு முன்னால் பணிவு, பின்னால் சேவை. நடுவில் இருப்பதால்தான் அந்தக் கேள்வி யாரையும் குத்தாது!

அந்தப் பெண்ணுக்கு நான் அன்றைக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் நடந்த நிஜக் கதை இது. 1880-ஆம் வருஷம். அங்கே இருந்த அரசுக் கல்லூரிக்குத் தமிழ் ஆசிரியராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது 25. பெயர் சாமிநாதையர். பிற்காலத்தில் 'தமிழ்த் தாத்தா' என்று நாடே கொண்டாடிய உ.வே.சா. அவர்கள்தான்! பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தவர். நெற்றி நிறைய விபூதி. சைவ நூல்களில் கரை கண்டவர்.

அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரை அவர் போய்ப் பார்த்தார். 'என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள்?' என்று முதலியார் கேட்டார். உ.வே.சா. தாம் படித்த அந்தாதி, உலா, கோவை, புராணம் எல்லாவற்றையும் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. பழைய காலத்துப் பெரிய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். உ.வே.சா.வுக்கு அந்தப் பெயர் தெரியும். பாடம் கேட்டதில்லை. முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

சிந்தாமணி, திருத்தக்கதேவர் என்ற ஜைன முனிவர் இயற்றிய காவியம். இங்கேதான் ஒரு சிக்கல். சைவர்களுக்கும் சிந்தாமணிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு! சோழ மன்னன் சிந்தாமணியைக் கேட்டு மயங்கிக் கிடந்தான், அவனைத் திருப்பத்தான் அமைச்சரான சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைப் பாடினார் என்று நம் மரபில் ஒரு வரலாறு சொல்வார்கள். அப்படிப்பட்ட நூலை ஒரு சைவர் கையில் எடுக்கிறார்!

எடுத்துவிட்டார், ஆனால் புரியவில்லை. தமிழ் புரிகிறது, விஷயம் புரியவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன், பாருங்கள். 'சித்தர்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? திருமூலர், போகர் என்று பதினெண் சித்தர்கள்தானே! ஜைனர்களிடம் போய் 'சித்தர்' என்றால், வினைகள் எல்லாம் ஒழிந்து முக்தி அடைந்துவிட்ட ஆன்மா என்று அர்த்தம். சொல் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பொருள் வேறு. நம் அகராதியை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் புத்தகத்தைப் படித்தால் இப்படித்தான் தடுக்கும்.

உ.வே.சா. என்ன செய்தார் தெரியுமா? தாமாக ஓர் அர்த்தத்தைக் கற்பித்துக்கொள்ளவில்லை. 'போகட்டும், வேற்று மத நூல்தானே' என்று மூடிவைக்கவும் இல்லை. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், கிளம்பி அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார்!

போன வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டி, பண்டிகைக் கோலமாக இருந்ததாம். என்ன விசேஷம் என்று விசாரித்தார். 'சிந்தாமணி பாராயணம் நடந்துவந்தது. இன்றைக்குப் பூர்த்தி' என்றார்கள். நாம் சுந்தரகாண்டமோ, தேவி மாகாத்மியமோ பாராயணம் செய்து, முடிக்கிற அன்று வடை, பாயசத்தோடு நைவேத்தியம் செய்கிறோமே, அந்த மாதிரி! ஏட்டுச் சுவடியில் கிடக்கும் நூல் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் அது பூஜையில் இருந்திருக்கிறது. கேட்காத வரைக்கும் தெரியவில்லை, பாருங்கள்!

அன்று தொடங்கி, உ.வே.சா. அவர்களிடம் போய்ப் போய்க் கேட்டார். ஜைனர்களின் தத்துவம் என்ன, விரதங்கள் என்ன, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு மாணாக்கனைப் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

இதில் நம் போன்ற பெண்களுக்குப் பெருமையான ஒரு சேதியும் உண்டு. ஜைன சாஸ்திரங்களில் நல்ல பரிச்சயம் உள்ள ஒரு ஜைனப் பெண்மணி, இந்தச் சைவர் இத்தனை நுட்பமாகக் கேட்பதைப் பார்த்து, 'இவர் பவ்ய ஜீவன் போலிருக்கிறது' என்ற பொருளில் வியந்தாராம். முக்திக்குத் தகுதியுள்ள ஆன்மாவை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். தம் சமயத்தைச் சேராத ஒருவருக்கு, ஒரு வீட்டுப் பெண்மணி கொடுத்த பட்டம்! அவர் தம் சமயத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார் என்பதற்காகக் கொடுத்ததல்ல. சிரத்தையாகக் கேட்டார், அதற்காகக் கொடுத்தது.

ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு, 1887-இல் சீவக சிந்தாமணி முழுவதுமாக அச்சாகி வெளிவந்தது. சைவர் ஒருவர் ஜைன நூலைப் பதிப்பிக்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். அதோடு நிற்கவும் இல்லை. பௌத்த காவியமான மணிமேகலையை எடுத்தபோது, மழூர் ரங்காசாரியர் என்ற வைஷ்ணவ அறிஞரிடம் பௌத்த விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1898-இல் பதிப்பித்தார். ஒரு சைவர், ஒரு வைஷ்ணவரிடம் கேட்டு, ஒரு பௌத்த நூலுக்கு உயிர் கொடுக்கிறார்! கடைசி வரைக்கும் அவர் நெற்றியில் விபூதி அழியவில்லை. அவர் பூஜை குறையவில்லை. அடுத்தவர் வீட்டு விளக்கைத் தூண்டிவிட்டதால் நம் வீட்டு விளக்கு அணைந்துவிடுமா என்ன?

கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. ''நாளைக்குப் போய்க் கேக்கறேன் மாமி'' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. எடுத்ததுமே அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் குரல்.

எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்ததுமே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாளாம். சுண்டலைப் பற்றிக் கேட்டதும், அவளுக்கு முகமே வாடிப்போயிற்றாம். ஜைனர்கள் அவர்கள். அந்த வீட்டில் சூரியன் அஸ்தமித்த பிறகு சாப்பிடுவதில்லை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் உணவோடு போய்விடக் கூடாது என்பதற்காக. சிலர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். 'சரி, எடுத்துவைத்துக் காலையில் சாப்பிடலாமே' என்றால், ஈரமாகச் சமைத்த பண்டத்தை இரவு தாண்டிச் சாப்பிடுவதும் அவர்களுக்கு விலக்கு.

''உங்க சாமி பிரசாதம். குப்பையில எப்படிப் போடறது? பாவம் இல்லையா? அந்த வாட்ச்மேன் பசியோட இருந்தார். அதான் கொடுத்தேன்'' என்றாளாம் அவள்.

கேட்டீர்களா! எதை அவமரியாதை என்று இவள் மூன்று வருஷம் மனசில் சுமந்தாளோ, அது அவளுடைய மரியாதை. எதிர்வீட்டு அம்மாளுக்கும் வருத்தம் இருந்திருக்கிறது. 'என்ன தப்பு செய்தோம், இந்தப் பெண் ஏன் முகம் கொடுப்பதில்லை?' என்று அவளும் கேட்கத் தயங்கித் தயங்கியே இருந்துவிட்டாள்.

ஆனால், போன் வந்தது இதைச் சொல்வதற்காக மட்டும் இல்லை. ''மாமி, அவ என்னை ஒரு கேள்வி கேட்டுட்டா. எனக்குப் பதில் தெரியலை! கொலுவுல ஏன் படிப்படியா வைக்கறேள், எந்தப் படியில எதை வைக்கணும்னு கேட்டா. எங்க மாமியார் வெச்சா, நானும் வைக்கறேன்னு சொன்னேன். எனக்கே வெட்கமா போச்சு!''

அடுத்தவரிடம் கேட்கப் போனால், நம் வீட்டுப் பாடத்தையும் நாம் படிக்க வேண்டி வரும்! அதுவும் அம்பாள் அனுக்கிரகம்தான்.

நான் சொன்னேன். கீழ்ப் படியில் ஓரறிவு உயிர்களான புல், செடி, கொடி. அதற்கு மேல் ஈரறிவு உள்ள சங்கு, நத்தை. மூன்றாவது படியில் மூவறிவு உள்ள எறும்பு, கரையான். நான்காவதில் நண்டு, வண்டு. ஐந்தாவதில் மிருகங்களும் பறவைகளும். ஆறாவதில் மனிதர்கள். அதற்கு மேல் மகான்கள், தேவர்கள், உச்சியில் ஆதிபராசக்தி. உயிர் படிப்படியாக உயர்ந்து அவளை அடைய வேண்டும் என்பது தாத்பர்யம். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை இப்படி வகுப்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

இதை அவள் எதிர்வீட்டு அம்மாளிடம் போய்ச் சொல்ல, அந்த அம்மாள் கையைத் தட்டிக் குதிக்காத குறையாகச் சந்தோஷப்பட்டாளாம். ஏன் தெரியுமா? ஜைன சமயத்திலும் உயிர்களை ஒரு புலன் உள்ளவை, இரண்டு புலன் உள்ளவை என்று ஐந்து புலன் வரைக்கும் வகைப்படுத்துகிறார்கள். செடி கொடிகள் ஒரு புலன். சங்கு, புழு இரண்டு. எறும்பு மூன்று. ஈ, தேனீ நான்கு. மிருகங்களும் மனிதர்களும் ஐந்து. மண்ணுக்குள் விளைகிற கிழங்கில் எண்ணற்ற ஒரு புலன் உயிர்கள் இருப்பதாக நம்புவதால்தான் அவர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. நம் கொலுப்படியும் அவர்கள் சமையலறையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: 'எறும்புக்கும் ஓர் இடம் உண்டு!'

இரண்டு சமயமும் ஒன்றேதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தத்துவம் வேறு, நம் தத்துவம் வேறு. வித்தியாசங்கள் இருக்கட்டும். வித்தியாசத்தோடேயே ஒருவரை நம்மவராக ஏற்றுக்கொள்ள முடியும் என்பதுதான் விஷயம். ஸ்ரீரங்கத்தில் பாருங்கள்! டில்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் கொண்ட காதலால் இங்கேயே வந்து அவனோடு கலந்தாள் என்பது கோயில் ஐதீகம். துலுக்க நாச்சியார் என்று அவளுக்குச் சந்நிதி உண்டு. விக்கிரகம் கிடையாது, சித்திர வடிவம்தான். அவளுக்காகப் பெருமாள் கைலி உடுத்திக்கொள்கிறார். ரொட்டி நைவேத்தியம் ஆகிறது. 'எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய், இனி புளியோதரைதான்' என்று அவளிடம் சொல்லவில்லை! அவள் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டு, அது பெருமாளின் மடைப்பள்ளியிலும் ஏறிவிட்டது. விருந்தோம்பலில் இதைவிட என்ன இருக்கிறது?

சகோதரிகளே, உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு கதவு இருக்கும். எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் அது விசாரணை. 'உங்கள் வழக்கம் எப்படி, சொல்லுங்களேன்' என்று கேட்டால் அது பிரியம். குங்குமச் சிமிழை நீட்டும் முன், 'இட்டுக்கொள்வீர்களா?' என்று ஒரு வார்த்தை. முஸ்லிம் தோழியோ கிறிஸ்தவத் தோழியோ வந்தால், சிலர் நைவேத்தியம் செய்ததைச் சாப்பிட மாட்டார்கள். அது வெறுப்பு இல்லை, அவர்கள் நெறியில் உள்ள கட்டுப்பாடு. ஒரு பழமும் பூவும் கொடுங்கள், போதும். ரம்ஜானில் நோன்புக் கஞ்சி வந்தால், 'நாங்கள் சைவம், கறி சேர்த்திருக்கிறதா?' என்று நீங்களும் வாய்விட்டுக் கேளுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தியபின் கொட்டுவதைவிட அது எவ்வளவோ மரியாதை. கேட்ட பிறகு அடுத்த வருஷம் உங்களுக்கென்று கறி சேர்க்காத கஞ்சி தனியாக வரும், பாருங்கள்!

அப்படியே 'நோன்பு' என்று நாம் இருவரும் சொல்கிறோமே, உங்கள் நோன்பு எப்படி என்றும் கேளுங்கள். காரடையான் நோன்பன்று நாம் அடையும் உருகாத வெண்ணெயும் வைத்துச் சரடு கட்டிக்கொள்வதைச் சொல்லுங்கள். விடிவதற்கு முன் சாப்பிட்டுவிட்டு, அஸ்தமனம் வரை தண்ணீர்கூட இல்லாமல் அவர்கள் இருப்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். பேச்சு தானாக வளரும். குழந்தைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

அந்தப் பெண் வீட்டில் அடுத்த வருஷக் கொலு எப்படி நடந்தது தெரியுமா? மாலை ஏழு மணி அழைப்பு எல்லோருக்கும். எதிர்வீட்டு அம்மாளுக்கு மட்டும் நாலரை மணிக்கு! இஞ்சி போடாத சுண்டல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது. நைவேத்தியம் ஆனதும் முதல் கிண்ணம் அவளுக்கு. வெயில் இருக்கும்போதே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாளாம். சாப்பிட்டு முடித்ததும், தன் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு சின்ன மண் பொம்மையை எடுத்துக் கொடுத்தாளாம்.

ஓர் எறும்பு பொம்மை! மூன்றாவது படியில் இடம் காலியாக இருந்ததைப் போன தடவை பார்த்து வைத்திருக்கிறாள்.

இந்த நவராத்திரிக்கு நீங்களும் தாம்பூலத் தட்டில் ஒரு செட் கூடுதலாக எடுத்து வையுங்கள். யாரை அழைப்பது என்று உங்கள் மனசுக்கே தெரியும். போய்க் கதவைத் தட்டுங்கள். திறப்பவள் எந்த ரூபத்தில் இருந்தாலும், அவள் அம்பாள்தான்!